தைல நோட்டீஸ்

எண்பதுகளின் தொடக்கத்தில் உத்திரமேரூரில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். செய்யுளை ஒப்பித்தது போதும், நம்மை நம்பவைக்க எழுதுவதைப் பிள்ளைகள் நிறுத்திக் கேள்வி கேட்கட்டும் என்று, சந்தையில் கைக்கு வந்த ரோஸ் நிற நோட்டீஸ் ஒன்றை வகுப்புக்குக் கொண்டுபோனேன். மூட்டுவலித் தைலம். 'பலர் பயனடைந்தனர். ஏழே நாளில் ஓடுவீர்!'

"இதை யார் சொல்றாங்க? நம்மள என்ன செய்யச் சொல்றாங்க? எதைச் சொல்லாம விட்டாங்க?"

"ஓடுவீர்னு போட்டுக்கீது சார், எங்கன்னு போடல!" என்றான் ஒருவன். வகுப்பு அதிர்ந்தது. மூன்றாம் பெஞ்சுப் பெண் மட்டும் குனிந்திருந்தாள். எழுப்பினேன். தயங்கினாள். விடவில்லை நான்.

"ஆருக்கு நல்லாச்சுன்னு ஒரு பேரு கூட இல்ல சார்."

"பிரமாதம்!" எல்லோரையும் கைதட்ட வைத்தேன். பின்பெஞ்சில் சிரிப்பு அடங்கவில்லை. பாடம் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மணி அடித்த பிறகு ஒருவன் வந்து சொன்னான்: "சார், அது அந்தப் பொண்ணோட நைனா நோட்டீஸு."

அடுத்த சந்தையில் என் பாடம் என் காதிலேயே விழுந்தது. "யோவ் தைலம், ஆருக்கு நல்லாச்சு? பேரு சொல்லு!" பையன்கள் அவள் அப்பாவின் சைக்கிளைச் சூழ்ந்திருந்தார்கள், கூட்டம் சிரித்தபடி கலைந்துகொண்டிருந்தது. எனக்கு முதலில் பொங்கியது பெருமை. அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். பார்த்தும் ஓர் அதட்டல் போடவில்லை.

அதன்பின் அவள் பள்ளிக்கு வரவில்லை. சில வாரம் கழித்து அவர்தான் வந்தார்.

"அவனுங்க கேட்டது ஞாயம்தான் சார். எனக்குக் கோவமில்ல. பொண்ணு ஸ்கூலுக்கு வரமாட்டேன்னு குந்திக்கினு கீது. நான் சொன்னா எடுபடல. நீங்க வந்து சொல்லுங்க."

திருப்புலிவனத்தில் அவர்கள் வீட்டில் அவள் தைலப் புட்டிகளுக்குத் தக்கை அழுத்திக்கொண்டிருந்தாள். படிப்பு, வேலை, அவளுடைய கூர்மை என்று பேசினேன். எல்லாம் உண்மை. ஆனாலும் என் வாயில் அது சரக்கு விற்கிற ராகமாகவே வந்தது.

"நான் பக்கத்துல நின்னாதான் சார் பசங்க நைனா கிட்ட வர்றதில்ல. நான் ஸ்கூலுக்கு வந்துட்டா?"

"நான் கண்டிக்கிறேம்மா அவனுங்கள."

அவள் அடுத்த புட்டியை எடுத்தாள். அவர் என்னையே பார்த்தார். "இன்னும் கொஞ்சம் சொல்லுங்க சார்."

சொன்னேன். கடைசிவரை மரியாதையாகக் கேட்டாள்.

"நல்லா பேசறீங்க சார்," என்று எழுந்து, புட்டிகளைப் பைக்குள் அடுக்கத் தொடங்கினாள். "நைனா, கெளம்பு. சந்தைக்கு நேரமாவுது."