இலை பறித்தவர்

பேருந்துப் பணிமனையில் டயர் கழற்றி மாட்டியே வயதாகிப்போனவர் என்பதால் தெருவில் எல்லோருக்கும் அவர் டயர்க்காரர். பேச்சு அவருக்கு அளந்துதான் வரும். ஓய்வு பெற்ற பிறகு அதுவும் குறைந்துவிட்டது. அவருடைய மனைவி பின்னறையில் உட்கார்ந்து பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள்; தெருவுக்குத் தையலக்கா. அந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் துவைக்கிற கல்லும் மதில் சுவரும் இடையில் ஒரு துண்டு நிலமும் தெரியும். அந்தத் துண்டு நிலத்தில் ஒருநாள் காலை அவர் இரண்டு குழி தோண்டிக்கொண்டிருந்தார்.

“என்னங்க, என்ன நடப் போறீங்க?”

“ஆப்பிள்.”

அவள் சிரித்துவிட்டாள். “இந்த வெயில்ல மனுஷனே காஞ்சு போறான். ஆப்பிள் எங்க காய்க்கப் போகுது?”

“சூட்டைத் தாங்குற ரகம் இருக்காம். நாற்றுப்பண்ணைக்காரர் சொன்னாரு. ரெண்டு ரகம் பக்கத்துல பக்கத்துல இருக்கணுமாம். ஒண்ணு மட்டும்னா பூக்கும், காய் புடிக்காது.”

வேலையில்லாத மனுஷனுக்குக் கை சும்மா இருக்காது, மண்ணையாவது கிளறட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

கன்றுகளை அவர் பச்சைப்பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார். வேரில் சூடு ஏறாமலிருக்க வைக்கோல் பரப்பினார். மதிய வெயிலில் பட்டை வெடிக்காமலிருக்கத் தண்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார். மரங்கள் மதிலைத் தாண்டி மதமதவென்று வளர்ந்தன. ஆனால் மூன்று வருடமாகியும் பேருக்கு ஒரு பூ இல்லை. அவர் மறுபடி நாற்றுப்பண்ணைக்குப் போய்விட்டு வந்தார். என்ன கேட்டார், என்ன சொன்னார்கள் என்று வீட்டில் மூச்சு விடவில்லை.

பனிக்காலம் தொடங்கிய ஒரு காலையில் முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் போட்டு, ஏறி நின்று, இலைகளைப் பறிக்க ஆரம்பித்தார். பூச்சி அரித்த இலையோ பழுத்த இலையோ இல்லை; பச்சைப் பசேலென்ற நல்ல இலைகள். ஒவ்வொன்றாகக் காம்போடு கிள்ளிக் கீழே போட்டார். மறுநாளும் அதே வேலை. மொட்டைக் குச்சியாக ஒரு மரம் நிற்க, அடுத்த மரத்துக்கு முக்காலியை நகர்த்தினார்.

அவள் தையலைப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். “எதுக்குங்க இப்படிப் பண்றீங்க?” என்று கேட்டதற்கு, “தூங்கட்டும்” என்றார். அவள் உடனே வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டாள். “உங்கப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சும்மா. ஆசையா வளர்த்த மரத்தை மொட்டை அடிக்கிறாரு. கேட்டா தூங்கட்டுங்கிறாரு.”

மகள் மருமகனோடு வந்து, அவரைக் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போனாள். இன்று என்ன கிழமை, உங்கள் பிள்ளை பெயர் என்ன, ஒரு கடிகாரம் வரைந்து காட்டுங்கள் என்றெல்லாம் கேட்டார்கள். மருமகன் பக்கத்தில் நிற்க, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். புத்தியில் ஒரு குறையும் இல்லை என்று மருத்துவர் அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகு மகளிடம் மட்டும் சொன்னார்: “குளிர்ல அதுவா இலையைக் கொட்டிட்டுத் தூங்குற மரம்மா. இங்க குளிர் பத்தாது. நாமதான் கொட்டிவிடணும். அப்பத்தான் முழிச்சுப் பூக்கும்.” மனைவியிடம் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வைத்ததைச் சாப்பிட்டார், எழுந்து போனார்.

பிறகு அந்த மொட்டைக் குச்சிகளில் மொட்டு வந்தது. ஒரு வாரத்தில் மரங்கள் வெள்ளையும் இளஞ்சிவப்புமாய்ப் பூத்துக் குலுங்கின. எங்கிருந்தோ தேனீக்கள் வந்தன. பக்கத்து வீட்டுப் பெண் மதிலில் தாடையை வைத்துக்கொண்டு பார்த்தாள். கோடை வெயில் ஏறுகிற நேரத்தில் காய்கள் திரண்டு, ஒரு பக்கம் மட்டும் சிவந்தன. முதலில் பழுத்ததை அவர் பறித்துவந்து தையல் மெஷின்மேல் வைத்தார்.

“பைத்தியக்காரன் வளர்த்தது. தின்னு பாரு.”

அவள் கடித்தாள். புளிப்பும் இனிப்புமாக, கடைப் பழத்தில் இல்லாத ஒரு வாசனை இருந்தது. இனி செத்தாலும் இவர் புத்தியைப் பற்றி யாரிடமும் வாயைத் திறப்பதில்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள். நினைத்தபடியே நடந்தும் காட்டினாள். அதுதான் பெரிய கேடாகப் போயிற்று.

அதன்பிறகு சில வருடங்கள் நன்றாகவே இருந்தன. பனிக்காலத்தில் இருவருமாக இலை பறித்தார்கள். எட்டாத கிளைகள் அவருக்கு, தாழ்ந்தவை அவளுக்கு. தெருவில் அவருக்கு ஆப்பிள்காரர் என்று புதுப்பெயர் வந்தது. அதில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட.

பிறகு, கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்கத் தொடங்கினார். குடித்த டீயை இன்னும் தரவில்லை என்றார். வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே வீடு முழுக்கத் தேடினார். வயசானால் யாருக்கும் வருவதுதான் என்று அவள் பூசி மெழுகினாள். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண் தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நேத்து மத்தியானம் அண்ணன் எங்க வீட்டுக்குள்ள வந்து உக்காந்துட்டாரு. சாப்பாடு எடுத்து வைன்னு என்கிட்டச் சொன்னாரு.”

“விளையாட்டுக்குச் சொல்லியிருப்பாரு” என்றாள் தையலக்கா, முகத்தைத் திருப்பிக்கொண்டு. விளையாட்டுக்குக்கூட அதிகம் பேசாத மனுஷர் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். மகள் போனில் கேட்கும்போதெல்லாம், “அவருக்கென்ன, கல்லு மாதிரி இருக்காரு” என்று சொல்லிவந்தாள்.

அந்த வருடமும் பனிக்காலத்தில் இலை பறித்தார்கள். பூத்தது. கொழுந்து வந்து, காய் சுண்டைக்காய் அளவு திரண்டிருந்த சமயம். சட்டைக்குக் காலர் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தவள் தற்செயலாக ஜன்னலைப் பார்த்தாள். முக்காலிமேல் நின்று அவர் புதுத் தளிர்களைக் கிள்ளிக்கொண்டிருந்தார். காலடியில் பிஞ்சுகளும் கிடந்தன.

ஓடிப்போய், “பனிக்காலத்துலதானங்க பறிச்சோம்?” என்றாள்.

அவர் பொறுமையாகத் திரும்பிப் பார்த்தார். “எப்ப பறிச்சோம்? பாரு, எவ்ளோ எலை இருக்கு. இதைப் பறிக்காம எப்படிப் பூக்கும்?”

குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. அன்றைக்கு “தூங்கட்டும்” என்று சொன்ன அதே குரல். கையைப் பிடித்து இறக்கவேண்டும் என்று தோன்றியது. பிடிக்க அவளுக்குத் துணிவு வரவில்லை. ஒருவேளை இதிலும் தனக்குத் தெரியாத கணக்கு ஏதாவது இருக்குமோ என்னவோ. மறுநாள் தனியாக நாற்றுப்பண்ணைக்குப் போனாள்.

“பூத்த பிறகு ரெண்டாவது தடவையா?” என்றார் நாற்றுப்பண்ணைக்காரர். “வேணாம்மா, மரம் தாங்காது. யாரு பறிச்சது?”

“ஆடு” என்றாள் அவள். “ஆடு வந்து மேஞ்சிடுச்சு.”

“அவ்ளோ உயரத்துக்கு ஆடு எட்டுமா?”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் முக்காலியை எடுத்துக் கட்டிலுக்கடியில் மறைத்தாள். அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். நாற்காலியை மறைத்தால் வாளியைக் கவிழ்த்து ஏறினார். ஒருநாள் வாளி சறுக்கி விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டார். அப்போதும் அவள் மகளிடம், குளியலறையில் வழுக்கிவிட்டது என்றுதான் சொன்னாள்.

கோடை முற்றியபோது மரங்கள் மிச்சமிருந்த தெம்பையெல்லாம் கூட்டி நோஞ்சானாய் நாலு இலை விட்டன. அவர் அதையும் விடவில்லை. நிழலுக்கு இலை இல்லாத கிளைகளில் வெயில் நேராக அறைந்தது. பட்டை கறுத்துப் பாளம் பாளமாக வெடித்தது. முதலில் ஒன்று பட்டுப்போனது. அடுத்தது, மழை வந்தும் துளிர்க்கவில்லை. அவள் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், உள்ளே பச்சை இல்லை.

முழங்கை ஆறிவிட்டதா என்று பார்க்க மகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். அப்பா அவளை “வாங்க, உக்காருங்க” என்று வரவேற்று, யார் வேண்டும் என்று விசாரித்தார். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போனார்கள். இந்த முறை கடிகாரம் வரையச் சொன்னபோது அவர் வட்டத்தை மட்டும் போட்டுவிட்டு, மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதுபோலப் பேனாவைக் கீழே வைத்தார். நோய் ரொம்ப தூரம் போய்விட்டது, முன்னாடியே வந்திருந்தால் மாத்திரை கொடுத்துக் கொஞ்ச காலமாவது தள்ளிப்போட்டிருக்கலாம் என்றார் மருத்துவர்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் மகள் கேட்டாள். “கூடவே இருக்கியேம்மா. உனக்குத் தெரியாம இருக்குமா? ஏன் சொல்லல?”

“ஒரு தடவை சொன்னேன்ல.”

மகள் அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அம்மா அதை இழுத்துக்கொள்ளவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

ஊருக்கு வந்துவிடுங்கள் என்று மகள் கூப்பிட்டும் அவள் போகவில்லை. இடம் மாறினால் அவர் இன்னும் தவித்துப்போவார் என்றாள். பட்ட மரங்களை ஆள் விட்டு வெட்டச் சொன்னதற்கு, இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாள். தையலைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாள். குளிப்பாட்டினாள், தலைவாரிவிட்டாள், வாயில் ஊட்டினாள். தெருவில் ஆப்பிள்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்பவர்களும் குறைந்துபோனார்கள்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை நீ என்றும் வாடி என்றும்தான் கூப்பிட்டவர். இப்போது நீங்கள் போட்டுப் பேசினார். ஒரு மத்தியானம் அவள் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தபோது, பாதியில் வாயை மூடிக்கொண்டு அவளையே பார்த்தார்.

“உங்களை வீட்ல தேட மாட்டாங்களா?”

“தேட மாட்டாங்க. சாப்பிடுங்க.”

“நல்லா பாத்துக்கிறீங்க” என்றார் அவர், மிகுந்த மரியாதையோடு. “எங்க வீட்டுக்காரி வரட்டும், சொல்றேன்.”

அவள் அடுத்த கவளத்தைப் பிசைந்தாள்.