துணிக்கு இரண்டு பரிமாணம் போதும்

என் தம்பி மகள் கணித ஆராய்ச்சி செய்கிறவள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரியில் ஒப்பந்த வேலை. ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப அடுக்கி, இடைவெளி விடாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஓர் இடத்தை நிரப்ப முடியுமா என்பது அவளுடைய கேள்வி. தரைக்கு ஓடு பதிப்பதைப் போலத்தான். ஆனால் அவள் கேட்பது நீளம், அகலம், உயரத்தோடு நிற்காமல் ஏழு பரிமாணம் கொண்ட இடத்தைப் பற்றி. எனக்கு அது முழுதாகப் புரிந்தது என்று சொல்லமாட்டேன். அவளுக்கு வேண்டியது ஒரு மேசையும் வெள்ளைத்தாளும் தொந்தரவில்லாத இரண்டு வருடமும்.

அந்த இரண்டு வருடத்துக்காக அரசு ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பித்தாள். கிடைக்காவிட்டால் மே மாதத்தோடு ஒப்பந்தம் முடியும். வயது வரம்பும் தாண்டிவிடும். பிறகு நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையம்தான்.

விதிகள் மாறியிருந்தன. ஒரு தொழிற்சாலை பங்குதாரராகச் சேர வேண்டும். ஒவ்வொரு காலாண்டிலும் என்ன கண்டுபிடிக்கப்படும் என்பதை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். வரலாற்றில் தேதிகளைத் துருவிப் படிப்பது என் பழக்கம். கூம்பை வெட்டினால் வரும் வளைவுகளைக் கிரேக்கர்கள் ஆராய்ந்தார்கள். கோள்களின் பாதையை விளக்க அவை பயன்பட்டது சுமார் ஆயிரத்தெண்ணூறு வருடம் கழித்து. அவர்களிடம் யாரும் காலாண்டு அறிக்கை கேட்கவில்லை.

ராஜபாளையத்தில் நான் கணக்கராக இருந்த பேண்டேஜ் துணிக் கம்பெனியின் முதலாளியிடம் அவளை அழைத்துப் போனேன். ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்த மறுநாள் அது. துணியை அளவுகளாக வெட்டும்போது விழும் கழிவைக் குறைக்க இந்தக் கணக்கு உதவக்கூடும் என்று அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். உறுதி சொல்ல முடியாது என்பதையும் சேர்த்தே சொன்னாள். அவர் தொலைபேசியில் யாரிடமோ தெலுங்கில் பேசி முடித்துவிட்டுத் திரும்பினார்.

“ஏழு பரிமாணமோ எழுபதோ, எம்புட்டு வேணுமோ எழுதிக்கோம்மா. கையெழுத்து எங்க போடணும்?”

“உங்களுக்குப் பிரயோஜனப்படாமலும் போகலாம் சார்.”

“எங்க ஆடிட்டரும் அப்படித்தான். வருசா வருசம் வாராரு.”

கார்த்திகையில் நேர்காணல். கல்லூரி அறையில் திரைக்கு முன் அவளும் முதலாளியும் உட்கார்ந்தார்கள். நான் பின்வரிசையில். டெல்லியில் இருந்த குழுவுக்கு அவள் கேள்வியை அழகாகவே விளக்கினாள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, துணிக்கு நீளமும் அகலமும்தானே, மற்ற ஐந்தும் எதற்கு என்று கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். முதலாளி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், பங்குதாரராகச் சேர்ந்த நானே ஆட்சேபிக்கவில்லை, ஏழும் இருக்கட்டும் என்று வாதாடினார். குழுவை விட அவருக்குக் கணிதத்தின் மேல் மரியாதை இருந்தது.

மாசியில் அனுமதி வந்தது. இரண்டு பரிமாணத்துக்கு மட்டும். மற்ற பகுதி முழுவதும் நீக்கப்பட்டிருந்தது.

வீட்டில் எல்லாரும் சந்தோஷப்பட்டோம். அவள் மட்டும் தன் பழைய ஆய்வேட்டை எடுத்து மேசையில் வைத்தாள். இரண்டு பரிமாணத்தில் அந்தக் கேள்விக்கு அவளே முனைவர் பட்ட ஆய்வில் விடை கண்டுவிட்டாள். அது அச்சிலும் வந்துவிட்டது. இதை மறைக்காமல் எழுதிவிடு என்றேன். எழுதினாள். முடிவு முன்பே தெரிந்திருப்பது திட்டத்தின் பலம், இழப்புக்கு இடமில்லை என்று பதில் வந்தது. தெரியாததைத் தேடுவதற்குப் பெயர்தான் ஆராய்ச்சி என்று நான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். மக்கள் வரிப்பணத்தைப் பத்திரமாகச் செலவிட வேண்டும் என்கிறார்கள். செலவிட்டுத் தெரிந்ததையே மறுபடியும் வாங்குகிறார்கள்.

மே மாதம் நெருங்கியது. அவள் ஒப்புக்கொண்டாள்.

முதல் காலாண்டு அறிக்கையை ஒரே மூச்சில் எழுதினாள். இலக்கு முழுதும் எட்டப்பட்டது என்று பாராட்டு வந்தது. மற்ற கணிதத் துறைகளுக்கு மாதிரியாக அதை அனுப்பப் போகிறார்களாம். முதலாளியிடம் சொன்னேன். வெட்டும் மெஷினோடு வந்த கம்ப்யூட்டரே அந்தக் கணக்கைப் போட்டுவிடும் என்றார். “பாப்பா மனசு கஷ்டப்படுமேன்னுதான் சொல்லலைய்யா.”

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து அவள் வீட்டுக்குப் போனேன். மேசையில் கணினி திறந்திருந்தது. சம்பளம்தான் வருகிறதே, மிச்ச நேரத்தில் அந்த ஏழு பரிமாணத்தைப் பார்க்கலாமே என்று கேட்டேன்.

“உக்காந்து பாத்தேன் பெரியப்பா. பகல் பூரா தெரிஞ்சதத் தெரியாத மாதிரி எழுதிட்டு வாரேன்ல. பொறவு தெரியாதது பக்கம் மனசு போக மாட்டேங்குது.”

“கொஞ்ச நாள் போகட்டும்மா.”

“எனக்கும் நாள் போகுதுல்ல.”

அவள் திரைப் பக்கம் திரும்பி, அடுத்த காலாண்டில் தான் கண்டுபிடிக்க வேண்டியதை அச்சில் வந்த தன் பழைய கட்டுரையிலிருந்து எடுத்து எழுதத் தொடங்கினாள்.