எதிரே முதலில் வருபவர்

எங்கள் அப்பாவுக்கு வேண்டிக்கொள்வதில் தாராளம் அதிகம். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிவரும் லாரியின் டிரைவர் அவர். வளைவில் பிரேக் சரியாகப் பிடிக்காவிட்டால் ஒரு மொட்டை, மழையில் சக்கரம் புதைந்தால் இன்னொரு மொட்டை என்று வழியில் இருக்கும் சாமிக்கெல்லாம் நேர்ந்துவிடுவார். நேர்ந்துகொள்வது அவர், மொட்டை தம்பிக்கு. பெண்ணாகப் பிறந்ததால் நான் தப்பித்தேன். சீப்பு என்று ஒரு பொருள் இருப்பதே தம்பிக்கு வெகுநாள் தெரியாது.

அந்த வருடம் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்தது. வடக்கனந்தல் பக்கம் சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. லோடு ஏற்ற மலைக்குப் போன அப்பா அங்கேயே மாட்டிக்கொண்டார். எங்கெங்கோ வீடுகள் எரிந்ததாகப் பேசிக்கொண்டார்கள். எங்கள் தெருமுனையில் ஒரு வைக்கோல் போர் எரிந்தது. யார் கொளுத்தியது என்று இன்றுவரை தெரியாது.

பள்ளிக்கூடம் இல்லாததால் எனக்கு யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

அம்மா ஒரு கதை சொல்வாள். காட்டில் வழி தவறிய வியாபாரி ஒருவனுக்குப் பூதம் வழி காட்டும். பதிலுக்கு, அவன் வீடு திரும்பும்போது எதிரே முதலில் எது வருகிறதோ அதைத் தனக்குத் தந்துவிட வேண்டும் என்று கேட்கும். நாய்தானே ஓடிவரும் என்று அவன் தலையாட்டிவிடுவான். வருவது அவன் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும் நர்ஸம்மா, ஊசி போடும்போது என் அழுகையை நிறுத்த, தங்கள் வேதத்திலிருந்து ஒரு படைத்தலைவன் கதை சொன்னார். போரில் ஜெயித்தால் வாசலில் முதலில் எதிர்ப்படுவதைக் கடவுளுக்குத் தருவதாக அவன் நேர்ந்துகொள்கிறான். மகள் மேளம் தட்டி ஆடிக்கொண்டு வருகிறாள். அழுகை நிற்கத்தான் செய்தது. மலையிலிருந்து கடுக்காய் விற்க வருகிற அம்மாள் சொன்ன கதையில், தேன் எடுக்கப் பாறையில் தொங்குகிறவனின் கயிற்றை ஒரு முனி பிடித்துக்கொள்கிறது. விடுவதற்கு அதுவும் அதையேதான் கேட்டது.

இந்த மூன்று பேரும் ஓரிடத்தில் உட்கார்ந்து பேசியதே இல்லை. அப்படிப்பட்டவர்கள் ஒரே விஷயத்தைச் சொன்னால் அது கதையாக இருக்க முடியாது, உலகத்தில் நடைமுறையில் உள்ள சட்டமாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தேன். மலையில் மாட்டிக்கொண்ட அப்பா சும்மா இருப்பாரா? கட்டாயம் நேர்ந்துகொண்டிருப்பார். அவர் வந்தால் முதலில் ஓடுவது யார்? தம்பிதான். டிராயர் நழுவ நழுவத் தெருமுனைவரை ஓடுவான். 

அன்றிலிருந்து கதவைத் தாழ்போட்டே வைத்தேன். கலவரத்துக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்து அம்மா என்னைச் சமத்து என்றாள். எங்கள் வீட்டுச் சேவலையும் பிடித்து, கம்பி போன ஜன்னலுக்குக் கீழே கட்டித் தயாராக வைத்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம், அம்மா புல்லறுக்கப் போயிருந்தபோது, அப்பா தெருமுனையில் தெரிந்தார். லாரி இல்லை. மலையிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். கருகிய வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நின்று தெருவைப் பார்த்தார். தெருவில் ஓர் ஆள் இல்லை. எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன. நான் தம்பியின் வாயைப் பொத்திக்கொண்டு, சேவலை அவிழ்த்து ஜன்னல் வழியே வெளியே தள்ளினேன்.

நல்ல சேவல் அது. இறக்கையை உதறிக்கொண்டு நேராக அவரை நோக்கிப் போயிற்று. அப்பா அதைப் பார்த்தார், அது வந்த வீட்டைப் பார்த்தார். பிறகு நடுத்தெருவிலேயே குந்திவிட்டார். துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். சேவலை ஏற்றுக்கொண்டாகிவிட்டது என்று எனக்கு அப்படியொரு நிம்மதி.

அந்த நேரம் பார்த்துத் தம்பி என் கையைக் கடித்துவிட்டு, "யப்பா!" என்று வீறிட்டான். அப்பா ஓடிவந்த வேகத்தில் கதவு அதிர்ந்தது.

"தொறம்மா! உள்ள யார் யார் கீறீங்க? அம்மா எங்க?"

"அம்மா புல்லறுக்கப் போயிருக்குது. சேவல்தாம்ப்பா மொதல்ல வந்துச்சி, அதயே குட்த்துடு. தம்பிய வுட்டுடு."

"இன்னாடி சொல்ற?"

"யாரக் குடுக்கறேன்னு வேண்டிக்கின? சொல்லு, அப்பதான் தொறப்பேன்."

கதவுக்கு அந்தப் பக்கம் அவருக்கு மூச்சு வாங்குவது கேட்டது.

"யாரயும் குடுக்கறேன்னு வேண்டிக்கலம்மா. நம்ம தெருவே எரிஞ்சிபோச்சின்னு மலைல சொன்னானுங்க. ஒருத்தராவது எதிர்ல வரணும் சாமின்னு கேட்டுக்கினே வந்தேன்."

தாழை எடுத்தேன். எங்கள் இருவரையும் சேர்த்து அள்ளிக்கொண்டார். 

எனக்கோ கோபமான கோபம். கேட்டதுதான் கேட்டார், மூன்று பேரையும் சேர்த்துக் கேட்டிருக்கக் கூடாதா? பொழுது சாயும்வரை அவரோடு நான் பேசவில்லை. மலையில் கிளம்பும்போது மூன்று பேரையும்தான் கேட்டிருப்பார், இறங்க இறங்கத்தான் ஒருவராவது போதும் என்று வந்து நின்றிருப்பார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.