மச்சான் வீட்டு வாசலில் ஒரு வெள்ளைத் துணி

“மையத்து எத்தின மணிக்குப் புள்ள வந்து சேரும்?”

இந்த மாதத் தொடக்கத்தில் ஒரு காலை நேரம். கையில் பாதி உரித்த வெங்காயம். போனில் யாருடைய சடலத்தையோ பற்றி இந்தக் கேள்வி. கேட்டவர் கல்முனையில் என் ராத்தாவின், அதாவது அக்காவின், பக்கத்து வீட்டு ஜெமீலா மாமி.

“எந்த மையத்து மாமி?”

“என்ன கா இப்பிடிக் கேக்காய்... உங்கட மச்சான்ட மையத்துதான். வாசல்ல வெள்ளை கட்டியிரிக்கி. கதிரையெல்லாம் கொண்டு போய்ப் போட்டாச்சி.”

வெங்காயம் கீழே விழுந்தது. நானும் விழுந்திருப்பேன். நல்ல காலம், பக்கத்தில் சுவர் இருந்தது.

விஷயம் இதுதான். ராத்தாவின் கணவர், என் மச்சான், இதய ஒப்பரேஷனுக்காகக் கொழும்பில் இருந்தார். அன்று காலைதான் தியேட்டருக்குள் எடுப்பதாக ராத்தா சொல்லியிருந்தார். பிள்ளைகள் இருவரும் கட்டாரில். ராத்தாவுக்குக் கோல் எடுத்தேன். அடிக்கிறது... அடிக்கிறது... எடுக்கவில்லை. மறுபடியும் எடுத்தேன். இந்த முறை அடிக்கவே இல்லை.

எங்கள் பக்கத்தில் வாசலில் வெள்ளைத் துணி கட்டினால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். மௌத்து வீடு, யாரோ இறந்த வீடு, அவ்வளவுதான். உட்காரக் கதிரை வரும், சோறு வரும், சனம் வரும். “பள்ளிவாசல் ஸ்பீக்கர்ல இன்னும் சொல்லல்லியே?” என்று மாமியிடம் கேட்டேன். “கொழும்பால வந்தாப் பொறகு சொல்லுவாங்களாக்கும்” என்றார். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார்!

கூடப் பிறந்த எனக்குச் சொல்லாமல் வெள்ளை கட்டுவார்களா? கொழும்பில் இருப்பவர்கள் கல்முனையில் எப்படிக் கட்டுவார்கள்? இதெல்லாம் இப்போது உட்கார்ந்து யோசிக்கிற கேள்விகள். அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

அக்கரைப்பற்றிலிருந்து என் கணவர்தான் கார் ஓட்டினார். நிந்தவூரில் நெல் வெட்டுகிற மெஷின் ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு ஆடி ஆடிப் போனது. வழக்கமாக ஹோன் அடித்தே ஆளைக் கொல்லுகிறவர் அன்று பேசாமல் அதன் பின்னால் போனார். நான் அழுதுகொண்டே வந்தேன். மச்சானை நினைத்து அழுதது பாதிதான். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் ராத்தா தனியாக நிற்பாரே என்று அழுததுதான் அதிகம்.

போய் இறங்கினால்... கேற்றில் வெள்ளைத் துணி. நீளமான, சுத்தமான, புத்தம்புது வெள்ளை. வாசல் நிறையத் தொப்பி போட்ட ஆண்கள். நடுவில் கதிரைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவர் யார் தெரியுமா? ஜெமீலா மாமியின் கணவர் ஹனீபா மாமா!

ஏன் ஆச்சரியப்படுகிறேன் என்றால், மச்சானும் அவரும் பேசிப் பல வருடங்கள் ஆகின்றன. மாமாவின் மாமரக் கிளை மதிலைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தது. மச்சான் கேட்காமல் வெட்டிவிட்டார். அன்றிலிருந்து ரோட்டில் எதிரே வந்தால் ஒருவர் வானத்தைப் பார்ப்பார், மற்றவர் தரையைப் பார்ப்பார். அந்த மனிதரின் கண்கள் இரண்டும் சிவந்திருந்தன. “கதிரையெல்லாம் ஒரே தூசி புள்ள” என்றார்.

கீழ் வீடு பூட்டியிருந்தது. சாவி என்னிடமும் இல்லை. எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

அப்போதுதான் சைக்கிளில் வந்து இறங்கினாள் ஹெலன்.

ஹெலன் ராத்தா வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருப்பவள். இங்கிலாந்துக்காரி. அறுகம்பேக்கு அலைச்சறுக்க வந்து, பிறகு பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் படிப்பித்துக்கொண்டு கல்முனையிலேயே தங்கிவிட்டாள். கடற்கரையில் விடியலைப் பார்த்து, கடைக்கும் போய்விட்டு வந்தவளின் கூடையில் ஒரு பால் பக்கெட், மெழுகுவர்த்திகள். கூட்டத்தைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“எங்கட பெருநாள் உங்களுக்கும் தெரியுமா?”

நான்தான் துணியைக் காட்டினேன்.

“அதா? நான்தான் கட்டின. காக்காட நெஞ்சு சுகமாக.”

காக்கா, அதாவது அண்ணன் என்று அவள் சொல்வது மச்சானைத்தான். ஹெலன் விக்கா என்ற மார்க்கத்தைச் சேர்ந்தவள். இயற்கையை வணங்குகிறவர்கள். இம்போல்க் என்று பெப்ரவரித் தொடக்கத்தில் ஒரு பெருநாள். அவர்கள் ஊரில் குளிர் விலகத் தொடங்கி, ஆடுகள் குட்டி போட்டுப் பால் சுரக்கிற காலமாம். விளக்கேற்றுவார்கள், மண்ணுக்குக் கொஞ்சம் பால் வார்ப்பார்கள். முதல் நாள் மாலை ஒரு வெள்ளைத் துணியை வெளியே கட்டிவைத்தால் இரவில் அவர்களுடைய தேவதை அதைத் தொட்டுவிட்டுப் போகும்; பிறகு அது நோயாளிக்கு மருந்து. அவள் அறிந்த நோயாளி மச்சான்தான். பாவம், அவரைச் சுகப்படுத்தத்தான் பார்த்திருக்கிறாள்... ஊர் அவரை அடக்கம் செய்யவே ஆயத்தமாகிவிட்டது!

“அஸ்தக்ஃபிருல்லாஹ்” என்றார் ஹனீபா மாமா. “அப்ப ஆள் உசிரோடயா?”

அது எனக்கும் தெரியாதே! துணிக்குக் காரணம் கிடைத்துவிட்டது. ராத்தா ஏன் போன் எடுக்கவில்லை?

மாமா கொண்டுவந்த கதிரை ஒன்றில் உட்கார்ந்தேன். வெயில் உச்சிக்கு வந்தும் எழும்பவில்லை. போன் அடித்தது. தெரியாத நம்பர்.

“நான்தான் கா. என்ட போன்ல சார்ஜ் இல்ல, பக்கத்துப் பொம்புளட போன்லருந்து எடுக்கன். ஒப்பரேஷன் நல்லபடியா முடிஞ்சி. கண்ணும் முழிச்சிட்டார். நீ ஏன் அழுறாய்?”

அல்ஹம்துலில்லாஹ் என்று நான் சொன்னது ரோட்டு முனைவரை கேட்டிருக்கும். பிறகு சிரித்தேன். என் சிரிப்பைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது. மௌத்து வீட்டுக்கென்று ஜெமீலா மாமி ஆக்கி வைத்திருந்த சோற்றை எல்லோரும் அதே கதிரைகளில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவ்வளவு ருசியான சோற்றை நான் எந்தக் கலியாணத்திலும் சாப்பிட்டதில்லை.

ஒரு துணி சுகம் கொடுக்கும் என்று நான் நம்பவில்லை. ஷிபா, அந்தச் சுகம், அல்லாஹ்விடமிருந்து. ஆனால் யாரோ ஒரு வீட்டுக்காரருக்காக அந்நிய ஊரில் ஒருத்தி துணி கட்டினாளே, அதை என்ன சொல்வது? ராத்தாவுக்கும் தெரியவில்லை. அந்தத் துணியை மச்சானின் நெஞ்சில் வைக்கவும் இல்லை, எறியவும் இல்லை. மடித்து அலுமாரியில் வைத்துவிட்டார். அடுத்த வருடம் பச்சைத் துணி கட்டும்படி மட்டும் ஹெலனிடம் சொல்லியிருக்கிறோம்.

மச்சான் இப்போது வீட்டில். போன வெள்ளிக்கிழமை பார்க்கப் போனேன். நடந்ததையெல்லாம் கேட்டுச் சிரிக்கப் போனவர் தையல் இழுக்கவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

“ஆர் ஆர் வந்த?”

“முதல் ஆள் பக்கத்து வீட்டு ஹனீபா மாமா. கதிரையோட.”

மச்சான் ஜன்னல் வழியே மதிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அழுதானா?”

“ஓம்.”

“அப்ப டீக்கு வரச் சொல்லு.”