கழுவினால் போகாதது

ஆய்வுக்கூடத்தில் அவளைத் தோலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அறுவை சிகிச்சையில் மிஞ்சிய தோலைக் கண்ணாடிக் குப்பியின் வாயில் பொருத்தி, அதன்மேல் பூச்சிமருந்து விட்டு, உள்ளே எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பாள். பதினெட்டு வருஷ வேலை.

வீட்டுக்காரரோ தோட்டங்களுக்கு மருந்தடிப்பவர். "சோப்பு போட்டா எல்லாம் போயிடும்டி" என்று வெறுங்கையால் கலக்குவார். சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

கடைசியில் அவரையே ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். அவர் அடிக்கும் மருந்தைக் குப்பியில் பொருத்திய தோலில் விட்டு, சில மணி நேரம் கழித்து அவரையே சோப்பால் துடைக்கச் சொன்னாள். மறுநாள் கணக்கு வந்தது.

"பத்துல ஒரு பங்கு இன்னும் தோலுக்குள்ளேயே இருக்குங்க."

அவர் உள்ளங்கையைப் பார்த்தார். "என் தோல் கெட்டின்னு நினைச்சேனே!"

"தலைதான் கெட்டி."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மறுவாரம் தன்னோடு வேலை செய்பவர்களுக்கெல்லாம் கையுறை மாட்டிவிட்டு, தானே கண்டுபிடித்ததுபோல் விளக்கினார். தோட்டத்துக்குச் சோறு கொண்டுபோன அவள், குறுக்கே பேசாமல் நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.