முதல் நடை வேனில் குளிர்

நெமேசியா கிஸ்பெர்ட்டின் வேனில் ஹீட்டரைப் போட்டால் காற்று வந்தது. தாராளமாகவே வந்தது. சூடுதான் வரவில்லை. ஜூன் என்றால் நடுக்குளிர்காலமான அந்த மேட்டுநிலத்தில், பொழுது விடியாத நேரத்தில், வெளியே புல்லெல்லாம் உறைபனி பூத்துக் கிடக்கும்போது, அதே குளிரை ஒரு விசிறி வைத்து முகத்தில் அடித்தால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா?

"ஏம்மா, இது ஹீட்டரா, ஃப்ரிட்ஜா?" என்றாள், சீஸ் கூடையை மடியில் வைத்திருந்த சாத்துர்னினா. "என் சீஸ் கெடாம சந்தைக்குப் போய்ச் சேர்ந்துரும். நான் சேருவேனான்னுதான் தெரியல."

வேன் முழுக்கச் சிரித்தது. நெமேசியாவும் சிரித்துவைத்தாள். உள்ளே சுருக்கென்று குத்தியது.

சோராபாட்டா ஊரிலிருந்து எல் ஆல்ட்டோ நகரச் சந்தைக்குப் போகும் முதல் நடை அவளுடையது. சந்தைக்காரிகள் எல்லோரும் அதில்தான் ஏறுவார்கள். மற்ற நடைகள் பாதி காலியாக ஓடும். போன குளிர்காலம் முடிந்ததும் கணவன் செத்தபோது, "பொம்பளைக்கு எதுக்கு ஸ்டியரிங்?" என்று கேட்டவர்கள் முன்னால் நின்று, அவனுடைய வேனையும் வேன் ஓட்டுநர் சங்கத்தில் அவனுக்கிருந்த இடத்தையும் கைவிடாமல் பிடித்துக்கொண்டவள் அவள். அந்தச் சங்கத்தில் வேறு பெண் இல்லை. இப்போது குளிர் என்ற புகார் சங்கம் வரை போயிருந்தது. முதல் நடையை அவளிடமிருந்து எடுத்துத் தன் மருமகன் வில்சனுக்குக் கொடுப்பது பற்றி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசப்போவதாகத் தலைவர் எவாரிஸ்தோ சொல்லிவிட்டார்.

"நான் என்னம்மா பண்ணட்டும்? கார்னிவல் திருவிழா செவ்வாய்க்கிழமை பூமித்தாய்க்குன்னு எல்லா வண்டிக்கும் பீர் ஊத்தினோம், பூ தூவினோம், வெடி வெடிச்சோம். உன் வண்டி மட்டும் வரல. அவ கோவிச்சுக்க மாட்டாளா?"

"அன்னிக்கு நான் எங்க இருந்தேன்னு உங்களுக்குத் தெரியாதா தலைவரே? உங்க தம்பி சம்சாரத்தைத்தான் பிரசவத்துக்கு ஏத்திக்கிட்டுப் போனேன்."

"அது வேற, இது வேற."

எது அது, எது இது என்று நெமேசியாவுக்கு விளங்கவில்லை. ஒரு பெண்ணையும் அவள் வயிற்றுப் பிள்ளையையும் காப்பாற்றியதற்காகவா பூமித்தாய் கோபப்படுவாள்? அப்படியே கோபம் வந்தாலும் டயரை விட்டுவிட்டு, பிரேக்கை விட்டுவிட்டு, ஹீட்டரில் மட்டும் வந்து காட்டுவானேன்?

கோபத்தை நம்பவில்லை என்பதால் காரணம் தெரிந்துவிடுமா? மெக்கானிக் ஜெனோனின் பட்டறையில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். அவன் ஹீட்டருக்குப் போகும் ரப்பர் குழாய்களை மாற்றினான். ஹீட்டரின் குட்டி ரேடியேட்டரைக் கழுவினான். துருப்பிடித்த பழுப்புத் தண்ணீர் கொட்டியபோது புதையலைக் கண்டவன்போலக் கத்தினான்: "பாத்தீங்களா! இதுதான் அக்கா, இதுதான்!"

அது இல்லை. மறுநாளும் குளிர்க்காற்றுதான். குழாய்க்குள் காற்று அடைத்திருக்கும் என்றான், அதையும் வெளியேற்றினான். காற்றைத் திருப்பிவிடும் தகடு சிக்கியிருக்கும் என்று டாஷ்போர்டைப் பிரித்தான்; தகடு சொன்னபடி கேட்டது.

"எஞ்சின்ல ஏதாவது கோளாறா இருக்குமோ?"

"எஞ்சினா? தங்கம்! எஞ்சின் சூட்டைக் காட்டுற முள்ளைப் பாருங்க, அடியிலயே கிடக்குது. சூடே ஆகறதில்ல. இப்படி ஒரு எஞ்சினுக்கு ஊர்ல எத்தனை பேர் ஏங்குறான் தெரியுமா?"

அந்த முள்ளைப் பற்றி அவளுக்கும் பெருமைதான். மேட்டுநிலத்து டிரைவர்கள் எல்லோருக்கும் அது பெருமை. முள் எழுந்தால் கெட்ட சகுனம்போல முகம் மாறிவிடும்.

வெள்ளிக்கிழமை முன்னால் போன லாரியிலிருந்து கல் தெறித்து வேனின் முன்பக்கக் கிரில் உடைந்தது. உள்ளே புழுதி போகாமலிருக்க ஒரு நூடுல்ஸ் அட்டைப்பெட்டியைப் பிரித்து, கயிறு போட்டு முன்னால் கட்டினாள். சந்தையிலிருந்து திரும்பும் வழியில் விரல்கள் மரத்துப்போகவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் உணர்ந்தாள். ஹீட்டர் வாயில் கையை வைத்துப் பார்த்தாள். சூடு என்று சொல்ல முடியாது. குளிர் என்றும் சொல்ல முடியாது.

வண்டியை ஓரங்கட்டி அட்டையை அவிழ்த்தாள். ஓட்டினாள். பழையபடி குளிர். மறுபடி கட்டினாள். வெதுவெதுப்பு. இறங்கி நின்று அந்த அட்டையையே பார்த்தாள். வெளியே நூடுல்ஸ் அட்டை கட்டினால் உள்ளே எப்படிச் சூடு வரும்? தலையே சுற்றியது.

ஆனால் இந்த முறை அவள் குழப்பத்தை விடவில்லை. அட்டை ரேடியேட்டரை மறைக்கிறது. ரேடியேட்டரின் வேலை எஞ்சினைக் குளிர வைப்பது. அதை மறைத்தால் எஞ்சின் சூடாகிறது, ஹீட்டரும் சூடாகிறது. அப்படியென்றால் ஹீட்டருக்கென்று சொந்தச் சூடே கிடையாது. எஞ்சின் கொடுத்தால்தான் உண்டு. கொடுக்க எஞ்சினிடமே இல்லை. தன் வண்டி தேக ஆரோக்கியமாக இருக்கிறது என்று தினமும் பார்த்துப் பூரித்த அந்த முள்தான் நோயைக் காட்டிக்கொண்டிருந்தது!

மறுநாள் ஜெனோனிடம் போனாள். "எஞ்சினை எதுவோ சூடாக விடாம தடுக்குது."

"ஆகக் கூடாதுன்னுதானே தெர்மோஸ்டாட்டையே கழட்டிப் போட்டோம்," என்றான் அவன், கை துடைத்துக்கொண்டே.

"எதை?"

"சின்னக் கதவு மாதிரி இருக்கும் அக்கா. எஞ்சின் சூடாகிற வரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்குப் போகவிடாது. உங்க வீட்டுக்காரர் காலத்துல யுங்காஸ் பள்ளத்தாக்குலருந்து மேல ஏறும்போது வண்டிங்க கொதிச்சுது. இந்த உசரத்துல தண்ணி சீக்கிரம் கொதிக்குமே. அப்ப எல்லா வண்டியிலயும் பிடுங்கினேன். தலைவர் வண்டியிலதான் முதல்ல."

"இத்தனை நாளா குழாயை மாத்தினியே, தகட்டைப் பிரிச்சியே. இதை ஏண்டா சொல்லல?"

"நீங்க ஹீட்டரைப் பத்தித்தானே கேட்டீங்க," என்றான் ஜெனோன். பொய்யில்லை, அவன் முகத்தில் உண்மையான திகைப்பு இருந்தது.

புதிதாக ஒன்றை மாட்டினான். முள் நடுவுக்கு எழுந்தபோது நெமேசியா பதறிப்போய்ச் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்துவிட்டாள். "நடுவுலதான் நிக்கணும் அக்கா, ஓட்டுங்க!" என்று அவன் ஜன்னலைத் தட்டினான். மறுபடி கிளப்பினாள். முகத்தில் வெந்நீர் ஆவிபோலக் காற்று வந்து மோதியது.

ஒரு முடிச்சு அவிழ்ந்ததும் அதைவிடப் பெரிய முடிச்சு விழுந்தது. எல்லா வண்டியிலும் அது இல்லையென்றால் எல்லா வண்டியும் குளிர்ந்துதானே கிடக்கும்? அன்று மாலை சாத்துர்னினாவைத் தேடிப் போய்க் கேட்டாள்.

"தலைவர் வண்டியில குளிராதா?"

"குளிராதாவா? எலும்பு நொறுங்கும்."

"அப்புறம் ஏன் என் மேல மட்டும் புகார்?"

சாத்துர்னினா சங்கடத்தோடு தொப்பியைச் சரிசெய்தாள். "ஆம்பளைங்க வண்டின்னா போர்வை எடுத்துக்கிட்டுப் போவோம். வாயைத் திறந்தா கத்துவாங்க. உன்கிட்டன்னா சொல்லலாம்னு தோணிச்சு."

கேட்பவளிடம் சொல்கிறார்கள், கத்துபவனை விட்டுவிடுகிறார்கள். தண்டனை மட்டும் கேட்பவளுக்கு. இதை எந்தப் பட்டறையில் பிரித்துப் பார்ப்பது?

ஞாயிற்றுக்கிழமை நிறுத்தத்துக்குப் பக்கத்து வெட்டவெளியில் கூட்டம். காற்று ஊசியாகக் குத்தியது. நெமேசியா வேனை ஓடவிட்டுக் கதவைத் திறந்தாள். "ஏறிப் பாருங்க. அப்புறம் பேசுவோம்."

எவாரிஸ்தோ ஏறி உட்கார்ந்தார். ஹீட்டர் முன் கையை நீட்டினார். "அப்ப பீர் ஊத்திட்ட. நான்தான் சொன்னேனே."

"ஊத்தல தலைவரே. தெர்மோஸ்டாட் மாட்டினேன்."

"ஐயையோ, எஞ்சின் வெந்துரும்!"

"நம்ம பாதையில ஒரு ஏத்தம் காட்டுங்க, வேகட்டும். யுங்காஸுக்குப் போறதை நிறுத்தி எத்தனை வருஷமாச்சு? உங்க வண்டிக்குத்தான் பீர் ஊத்தி வெடியும் வெடிச்சீங்களே, அங்க போய் ஹீட்டரைப் போடுங்க. எல்லாரும் கையை வச்சுப் பாக்கட்டும்."

எவாரிஸ்தோ அந்தச் சூட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. அதற்குள் மற்றவர்களும் ஒவ்வொருவராக ஏறி இருக்கைகளில் நெருக்கி உட்கார்ந்துவிட்டார்கள். "கதவைச் சாத்துங்கப்பா!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். வில்சனுடையது.

"சரி, கை தூக்குங்க," என்றார் தலைவர் எரிச்சலுடன். "முதல் நடை நெமேசியாகிட்டயே இருக்கட்டும்னு சொல்றவங்க?"

கைகள் எழுந்தன. வில்சனின் கையும் எழுந்தது. மாமனார் திரும்பி முறைத்தார்.

நெமேசியாவுக்கு எதுவும் புரியவில்லை. "உனக்காகத்தானே தம்பி முதல் நடையைக் கேட்டாங்க?"

"என்னை யாரு கேட்டாங்க அக்கா?" என்றான் வில்சன், கையைக் கீழே இறக்காமலே. "அந்த நேரத்துல எவன் எழுந்திரிப்பான்?"