தேத்தண்ணி என்றால் ஓடு

பேஸ்போல் கோச் என்று சொன்னால் நம் ஆட்களின் முகத்தில் ஓர் இரக்கம் வரும். "கிரிக்கெட் எண்டாலும் பரவாயில்லை" என்று மெல்பேர்ணின் ரோவில் பகுதியில் ஒரு அன்ரி என் மனைவியிடம் துக்கம் விசாரிப்பதுபோலச் சொன்னார். நான் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்கு எல்லே என்ற நாட்டு விளையாட்டை விளையாடியவன். அதிலும் மட்டையால் அடித்துவிட்டுச் சுற்றி ஓடுவதுதான். படிக்க வந்த இடத்தில் பேஸ்போலைக் கண்டதும், அட, நம்முடைய எல்லே சப்பாத்துப் போட்டிருக்கிறது என்று நினைத்தேன். அப்படியே ஒட்டிக்கொண்டு, ஒரு மெல்பேர்ண் தொழில்முறை அணிக்குத் துணைக் கோச் ஆனேன்.

ஆட்டங்கள் கோடையில்தான். குளிர்காலத்தில் சும்மா இருக்க முடியாமல் நோபல் பார்க்கில் ஓர் உள்ளரங்கை எடுத்து, ஞாயிறுகளில் பெரியவர்களுக்கு வகுப்பு நடத்தினேன். வந்தவர்கள் எல்லாரும் கிரிக்கெட்டில் ஊறியவர்கள். அடித்ததும் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும். இவர்களுக்கோ மட்டையைப் போட மனம் வராது. முதல் தளத்தைத் தொட்டவர் அங்கே நிற்காமல், இரண்டாவது ஓட்டம் எடுக்கிறேன் என்று திரும்பி அடித்த இடத்துக்கே ஓடி வருவார். ஆங்கிலத்தில் கத்தினால் தலையை ஆட்டுவார்கள், செய்யமாட்டார்கள். ஒருநாள் எரிச்சலில் "கதிரை!" என்று கத்தினேன், நாற்காலியில் இருப்பதுபோல அங்கேயே இரும் என்ற அர்த்தத்தில். ஓடிக்கொண்டிருந்த கணக்காளர் சடக்கென்று நின்றார். அன்றிலிருந்து நில் என்றால் கதிரை, அடுத்த தளத்துக்கு ஓடு என்றால் தேத்தண்ணி, கடைசித் தளத்துக்கு வந்து ஓட்டத்தை முடி என்றால் சமையலறை, எங்கள் வாயில் குசினி.

அந்த வகுப்பில் ஒருவன்மேல் எனக்குத் தனிப் பாசம். கம்ப்யூட்டர் வேலை, வயது முப்பதுக்கு மேல், குடும்பமெல்லாம் ஊரில். வகுப்பு முடிந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அவன்தான் ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

"அண்ணை, இதை உங்கட ரீமுக்கும் சொல்லிக் குடுங்கோவன். கையால சைகை காட்டினால் மற்றவங்கள் பிடிச்சிடுவாங்கள். தமிழ் ஆருக்கு விளங்கப்போகுது?"

நல்ல யோசனையாகத்தான் பட்டது. அந்தக் குளிர்காலம் முடியும்போது அவனுக்கு சிட்னியில் வேலை கிடைத்து வென்ட்வேர்த்வில்லுக்குப் போனான். தனியாகக் கிடந்து காய்வானே என்று, எங்களோடு மோதும் அங்குள்ள அணியின் கோச்சுக்கு நானே போன் எடுத்துச் சொன்னேன். பந்துகளையும் கையுறைகளையும் பார்த்துக்கொள்ளும் தொண்டராக அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்து ஓரம் அணியோடு ஒரே வாங்கில் குந்தியிருக்கலாம் என்று குழந்தைபோலச் சந்தோசப்பட்டான்.

அந்தக் கோடையில் எங்கள் தலைமைக் கோச் விலகுவதாக இருந்தார். இறுதிச் சுற்றுக்குப் போனால் அந்த இடம் எனக்கு, போகாவிட்டால் புது ஆட்கள் வருவார்கள், நான் வீட்டுக்குப் போகலாம் என்று நிர்வாகம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது. எங்கள் அணி வழக்கமாக அடியில் கிடக்கும் அணி. ஆனால் அமெரிக்காவிலிருந்து வந்த பெடியன்கள்கூடத் "தேத்தண்ணி" என்றால் பாய்ந்து ஓடப் பழகியிருந்தார்கள். எதிரணிகள் முழித்தன. விழுந்தெழும்பி மேலே வந்துவிட்டோம். மிச்சம் ஒரே ஓர் ஆட்டம், சிட்னியில். வென்றால் உள்ளே.

மூன்றாம் தளத்தருகே நின்று ஓட்டக்காரர்களை ஏவுவது என் வேலை. "தேத்தண்ணி!" என்றேன். எங்கள் ஆள் அடுத்த தளத்துக்குப் போய்ச் சேருமுன் பந்து அங்கே அவனுக்காகக் காத்திருந்தது. தற்செயல் என்று நினைத்தேன். பிறகு "கதிரை" என்றேன். பந்து எறிபவன், ஓடிவிடுவானோ என்று எங்கள் ஓட்டக்காரனை ஒருதரமாவது திரும்பிப் பார்க்க வேண்டுமே, பார்க்கவில்லை. "குசினி" என்று சொல்லி நான் வாயை மூடவில்லை, அவர்கள் கடைசித் தளத்தை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

எதிர்ப்பக்க வாங்கைப் பார்த்தேன். அவர்களுடைய தொப்பியைப் போட்டுக்கொண்டு, அவர்களுடைய கோச்சின் காதுக்குள் அவன் பேசிக்கொண்டிருந்தான். நான் பார்ப்பதைக் கண்டதும் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டத் தொடங்கினான். பழையபடி கைச்சைகைக்கு மாறினேன். பெடியன்கள் அதை மறந்தே போயிருந்தார்கள். நில் என்ற இடத்தில் ஓடினார்கள், ஓடு என்ற இடத்தில் நின்றார்கள். தோற்றோம்.

பஸ்ஸில் ஏறப் போனபோது அவனே கிட்ட வந்தான்.

"அண்ணை, கோவமோ?"

"நீர் என்ன வேலை செய்தனீர் எண்டு விளங்குதோ?"

"காதால கேட்டுப் பிடிச்சால் அது களவில்லை, கெட்டித்தனம் எண்டு வகுப்பில நீங்கதானே சொன்னனீங்கள்."

சொன்னேன்தான். பேஸ்போலில் அதுதான் வழக்கமும். ஆனால் என் வீட்டில் கை நனைத்தவனுக்கும் அந்த வழக்கம்தானா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. வளர்த்த கடா மார்பில் பாயும் என்பார்கள். இந்தக் கடா பாய்ந்துவிட்டு, நோகுதோ என்றும் கேட்டது. நான் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

நிர்வாகம் சொன்னபடியே செய்தது. கைகுலுக்கி, நன்றி சொல்லி, அனுப்பிவைத்தது. வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசாமல் கிடந்தேன். வந்த எந்த அழைப்பையும் எடுக்கவில்லை. ஒருநாள் மனைவி தன் போனைக் கொண்டுவந்து நீட்டினார். அவன்தான்.

"அண்ணை, கேள்விப்பட்டனான், சரியான கவலை. இஞ்ச எங்கட ரீமுக்கு ஒரு துணைக் கோச் தேடுகினம். நான் உங்களைப் பற்றி ஒரு சொல்லுச் சொல்லட்டோ?"

எங்கட ரீம். நாக்கு நுனிவரைக்கும் ஒரு கெட்ட வார்த்தை வந்துவிட்டது. அதில் அவனுடைய தாயும் வருவார். அந்த மனிசி எனக்கு ஒரு பாவமும் செய்யவில்லை. மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பேஸ்போலை விட்டால் எனக்கு வேறொன்றும் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

"சொல்லிப் பாரும்" என்றேன்.